வெள்ளைச் சேலையும் கொடிக்கயிறும்

அந்த ஊரில் தேசியக் கொடிக்குக் கற்பூரம் காட்டினார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆகஸ்ட் பதினைந்துக்கு முதல் நாளே பள்ளிக்கூட வாசலைச் சாணி போட்டு மெழுகி, கொடிக்கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிவிடுவார்கள். மறுநாள் காலையில் தேங்காய் உடைத்த பிறகுதான் கொடி மேலே போகும். கம்பத்துக்குக் கிட்டே யாரும் செருப்புக் காலோடு வரக் கூடாது. ஒரு தடவை மேலதிகாரி ஒருவர் பூட்ஸோடு வந்துவிட்டார். ஊரே அவர் காலைப் பார்த்த பார்வையில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

நான் சேலத்திலிருந்து புதிதாகப் போனவள். முதல் வருஷம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் யோசித்துப் பார்த்தேன், நாங்கள் மட்டும் என்ன செய்தோம் என்று. அம்மாபேட்டையில் நான் வளர்ந்தபோது என் அப்பா கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் உபதேசியார். கோயில் திருவிழாவுக்குச் சாமியார் கொடியை மந்திரித்து, தூபம் போட்டு, வேட்டுச் சத்தத்தோடு ஏற்றுவார். கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் அப்பா முழங்கை வரைக்கும் கழுவிக்கொள்வார். நம் சனங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், கொடி ஏறினால் திருவிழா தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். சர்க்கார் ஒரு கொடியைக் கையில் கொடுத்து ஏற்றுங்கள் என்றது. அவர்களுக்குத் தெரிந்த விதத்தில் ஏற்றினார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் திருவிழா என்றால் அதன் சட்டதிட்டமும் கூடவே வரும். யார் கிட்டே வரலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் வரும். அது கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது.

நான் தாலியறுத்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷமே மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அன்றைக்குக் கட்டிய வெள்ளைச் சேலைதான். வேதக்காரர்களுக்கு இந்தச் சடங்கு சம்பிரதாயமெல்லாம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கூடப் பிறந்த தங்கையின் கல்யாணத்தில், பெண் கோயிலுக்குப் புறப்படுகிற நேரம் பார்த்து என் சித்தி என்னை, "நீ போயி அடுப்படியப் பாரு" என்று உள்ளே தள்ளிவிட்டாள். பாலும் பழமும் கொடுக்கக் கூப்பிட மாட்டார்களா என்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் வெங்காயம் உரித்தேன். அந்த வெங்காயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. இனிமேல் யாராவது என்னைத் தள்ளி நிற்கச் சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று அப்போதே மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

டீச்சர் டிரெயினிங் முடித்திருந்ததால் வேலை கிடைத்தது. திருச்செங்கோட்டுக்கு மேற்கே, சோளக்காடும் நிலக்கடலையுமாக இருந்த ஓர் ஊரில், எட்டாம் வகுப்பு வரைக்கும் இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடம். அறுபதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு பஞ்சாயத்துத் தலைவருடையது. ஊரில் எல்லாரும் பிரசிடெண்டு என்றுதான் சொல்வார்கள். நிறைய நிலம், இரண்டு கிணறு. உடம்பில் கதரைத் தவிர வேறு துணி படாது. வலது கையில் நடுவிரல் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். வாலிபத்தில் திருச்செங்கோட்டுச் சந்தையில் ராட்டை போட்ட கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போலீஸ்காரன் தடியால் அடித்து ஒடித்த விரல் அது. அடித்த பிறகும் கொடியை விடவில்லை. ஜெயிலுக்கும் போனார். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அந்தக் கதையைச் சொல்வார். அவரைப் பற்றி நான் இனிமேல் என்ன சொன்னாலும் இதை மறந்துவிடாதீர்கள். அவர் கோழை இல்லை.

கொடியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எங்கள் பாடப் புத்தகத்தில்கூட இல்லை. நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே உட்கார வைத்துச் சொன்னார். "மொதல்ல வந்த கொடியில வெள்ள மேல இருந்துச்சுங்க, டீச்சரம்மா. பச்ச நடுவுல, செவப்பு அடியில. செவப்பு எங்களுக்கு, பச்ச துலுக்கருக்கு, வெள்ள மத்தவீங்க அல்லாருக்கும். உங்க வேதக்காரங்களும் அந்த வெள்ளைலதான் சேத்தி. அப்புறம் ஒரு மதத்துக்கு ஒரு நெறம்னு சொல்லக் கூடாதுன்னு பேசி, காவிய மேல வெச்சு, வெள்ளைய நடுவுக்குக் கொண்டாந்தாங்க. ராட்டை மட்டும் அப்பிடியே இருந்துச்சு."

சுதந்திரம் வருகிற சமயத்தில் அந்த ராட்டையை எடுத்துவிட்டுச் சாரநாத்துத் தூணில் இருந்த சக்கரத்தை வைத்தது அவருக்கு ஆறவே இல்லை. "ராட்டைன்னா எங்கூட்டுக் கெழவிக்கும் தெரியும். இந்தச் சக்கரம் யாருக்குத் தெரியும்?" என்பார். வகுப்பில் நான் கேட்டுப் பார்த்தேன். காவி தியாகம், வெள்ளை சமாதானம், பச்சை செழிப்பு என்று ஒப்பித்த பிள்ளைகள், சக்கரம் என்ன என்றதும் ஒரே குரலில், "லாரிச் சக்கரமுங்க டீச்சர்" என்றார்கள். நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் வேறு என்ன சொல்லும்?

கொடியைத் தலைமை ஆசிரியர்தான் ஏற்ற வேண்டும் என்று அந்த ஊரில் ஒரு வழக்கம். அதை உண்டாக்கியவரும் பிரசிடெண்டுதான். பள்ளிக்கூடம் கட்டிய வருஷம் அவரையே ஏற்றச் சொன்னார்களாம். "நான் ஏத்துனா எங்கட்சிக் கொடிங்கற மாதிரி ஆயிப்போகும். பள்ளிக்கூடத்துக் கொடி, பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரு ஏத்தட்டும்" என்றாராம். இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? பழைய தலைமை ஆசிரியர் வருஷா வருஷம் ஏற்றினார். கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, கட்டுவதும் அவர்தான். அவர் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்த இடத்தில் இருந்தவள் நான். கையெழுத்துப் போட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆகஸ்டும் வந்தது.

பிரசிடெண்டு ஆள் விட்டார், வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொல்லி. போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

"டீச்சரம்மா, இந்த வருசம் கொடிய நம்ம சின்ன வாத்தியாரு ஏத்தட்டுமுங்க."

சின்ன வாத்தியார் என்றது எனக்குக் கீழே இருந்த உதவி ஆசிரியரை. பாவம், அவருக்கு மீசையே அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது.

"ஏன், எனக்குக் கை விளங்காமப் போச்சா?" என்றேன்.

"அதுக்கில்லீங்க. நல்ல காரியம். ஊருச் சனம் பூரா வந்து நிக்கும். மழ வேற பேயல. நாளைக்கு ஒண்ணுன்னா ஒண்ணு ஆயிப்போச்சுன்னா பழி உங்க மேல உழும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க."

உங்கள் நல்லதுக்குத்தான் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் காது மடல் சூடாகிவிடும்.

"தலைமை ஆசிரியர்தான் ஏத்தணும்னு சொன்னதே நீங்கதானுங்களே."

"சொன்னேன். அப்ப அவரு ஆம்பளைங்க."

"பொம்பளை ஏத்தினா ஆகாதா?"

"ஆகும். ஏன் ஆவாது? சுமங்கலியா இருந்துட்டா..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் கோபம். சொல்லுகிறதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

"சரிங்க. அப்ப கொடிக்கு நடுவுல இருக்கிற வெள்ளையை என்ன பண்றது? கிழிச்செடுத்துட்டுக் காவியையும் பச்சையையும் சேர்த்துத் தைச்சுடலாமா? வெள்ளை எங்க ஆளுங்களுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. கொடியில இருந்தா நல்ல காரியம், என் உடம்புல இருந்தா ஆகாதா?"

அப்போது உள்கதவு கொஞ்சமாகத் திறந்து, ஒரு கை மோர்ச் செம்பை நீட்டியது. கை மட்டும்தான் தெரிந்தது. வளையல் இல்லாத கை. வாங்கிக்கொண்டேன். கதவு பழையபடி சாத்திக்கொண்டது.

அது யார் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய ஒரே மகள். எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் எட்டாவது முடித்தாள். கணக்கில் கெட்டிக்காரி என்று பழைய தலைமை ஆசிரியர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். பெருந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மருமகன் கிணற்று வேலையில் மண் சரிந்து செத்துப்போனான். பத்தொன்பது வயசில் திரும்பி வந்தவள் அந்தக் கதவுக்கு இப்பால் வரவில்லை.

பிரசிடெண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கூட்லயும் ஒருத்தி இருக்கறா, டீச்சரம்மா. அவள உள்ளயே உக்கார வெச்சுப்போட்டு உங்க கையில கவுத்தக் குடுத்தா, அவ மூஞ்சியப் பாத்து நான் என்ன பதிலுங்க சொல்றது? நாளைக்கு அவளும் வெளிய வந்து நிப்பா. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். அதக் கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க."

"வெள்ளைக்காரன் தடிக்கு மட்டும் தெம்பு இருந்துச்சா?"

"அது வேறீங்க" என்றார். "அது அடி. இது பேச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்காகவாவது இவர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பிறகு, இல்லை, அவளும் கேட்கட்டும் என்று நானே குரலை உயர்த்தினேன்.

"அந்தப் பதிலை நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதுக்காக நான் தள்ளி நிக்க முடியாதுங்க. கொடியை நான்தான் ஏத்துவேன்."

"யூனியன் கமிஷனருகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும், உங்கள மாத்திப்போடுவாங்க. என்னைய அந்த வேல பண்ண வெக்காதீங்க."

"தாராளமா மாத்துங்க. பதினஞ்சாந்தேதி முடிஞ்சதும் மாத்துங்க."

மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவர் கடைசியாக ஒன்று கேட்டார். கொடியை மடித்துக் கட்டுகிறதை மட்டும் மாரியம்மன் கோயில் பண்டாரம் செய்யட்டும், முதல் கை சுத்தபத்தமான கையாக இருந்தால் ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மற்ற கை என்ன சாக்கடையா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன். கயிறு என் கையில் இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி விடிந்தபோது ஊர் பூராவும் பள்ளிக்கூட வாசலில் நின்றது. வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கட்டுக்கழுத்திகள் முன்னால் நின்றார்கள். என்னைப் போன்றவர்கள் வருஷா வருஷம் நிற்கிற இடத்தில், புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். எதிர்வீட்டுக் கதவு அன்றைக்குத் திறந்திருந்தது. அந்தப் பெண் நிலைப்படியில் நின்றாள். அதுவே பெரிய காரியம்.

பண்டாரம் தேங்காய் உடைத்தார். துவைத்து வெளுத்த என் வெள்ளைச் சேலையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் பொய். கை கெட்டியாகத்தான் இருந்தது. மடித்துக் கட்டிய கொடி ஆடாமல் அசையாமல் கம்பத்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே போனதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரிய வேண்டும். சுண்டினேன். விரியவில்லை. பலமாக இன்னொரு தடவை இழுத்தேன். விரியவில்லை.

கூட்டத்தில் உச்சுக் கொட்டுகிற சத்தம் எழுந்தது. "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு பெண் குரல். "கை ராசி அப்பிடி" என்று இன்னொன்று. பிள்ளைகள் நெற்றியில் வைத்த சல்யூட் கையை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்கள். பிரசிடெண்டு விறுவிறுவென்று வந்து, என் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்தார்.

"குடுங்க டீச்சரம்மா. நான் பாத்துக்கறேன்."

அவர் என்னை அவமானப்படுத்த வரவில்லை, காப்பாற்றத்தான் வந்தார். அது எனக்குத் தெரியும். அந்தக் காப்பாற்றலை வாங்கிக்கொண்டால், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அடுப்படிதான்.

"கைய எடுங்க ஐயா" என்றேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். எடுத்துவிட்டார்.

கொடியைக் கீழே இறக்கினேன். பார்த்தால் முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் இன்னொன்று. நான் இழுத்த இழுப்பில் கல்லாக இறுகிக் கிடந்தது. திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்று உடம்பெல்லாம் தீப்பிடித்தது. பண்டாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் வெலவெலத்துப்போய் நின்றார்.

"அவுரக் கூடாதுன்னுதானுங்க அப்பிடிக் கட்டுனேன்" என்றார். "நோம்பி முடியற மட்டும் கொடி அவுரக் கூடாதுங்களே. மாரியாத்தா கோயில்ல கட்டற மாதிரியே, அதைவிடக் கெட்டியாக் கட்டுனனுங்க சாமி."

திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். இதில் யாரைத் திட்டுவது? கோயில் கொடி கம்பத்தோடு கட்டினால் திருவிழா முடிகிற வரைக்கும் கட்டினதுதான். இந்தக் கொடி அவிழ்ந்தால்தான் கொடி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். நகம்தான் ஒடிந்தது. கத்தி கொண்டுவரச் சின்ன வாத்தியார் ஓடப் பார்த்தார். கயிற்றை அறுத்தால் வேறு கயிறு கிடையாது, அதற்கப்புறம் கொடி ஏறாது. முடிச்சை வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தேன்.

"அய்யய்ய, எச்சிப் பண்றாங்களே" என்று யாரோ கத்தினார்கள். ஊரே அலறிய மாதிரி இருந்தது எனக்கு. நான் விடவில்லை. முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது. கயிற்றில் மஞ்சளும் மண்ணும் கலந்து நாக்கில் கசந்தது. "ஆமா, எச்சில்தான்" என்றேன், வாயைத் துடைத்துக்கொண்டு. "இதுக்கு ராசி ஒண்ணும் காரணமில்ல. முடிச்சு இறுகிப்போச்சு. அவுத்தாச்சு."

கொடியை மறுபடி மடித்தேன். இழுத்தால் அவிழ்கிற முடிச்சில் எனக்குத் தெரிந்தது பாவாடை நாடாவுக்குப் போடுகிற முடிச்சு ஒன்றுதான். அதையே போட்டேன். மேலே ஏற்றினேன். சுண்டினேன். விரிந்தது.

பூ கொட்டியது. செவ்வந்தியும் அரளியும். அந்த ஊரில் கொடியிலிருந்து விழுகிற பூ கோயில் பூ மாதிரி. முன்னால் நிற்கிற பெண்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். போன வருஷம்வரை பூவுக்கு அடிதடியே நடக்கும். அன்றைக்கு ஒருத்தி குனியவில்லை. அறுதலி கை பட்ட பூ, எச்சில் பட்ட கொடி. அத்தனையும் சாணி மெழுகின தரையில் அப்படியே கிடந்தது. கொடியை ஏற்றிவிட்டேன், ஆனால் இவர்கள் இந்தப் பூவை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், அடுத்த வருஷம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு நிலைப்படியிலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். தெருவைத் தாண்டினாள். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போகவில்லை. நேராகக் கம்பத்துக்கு வந்தாள். அவளுடைய அம்மா ஓடி வந்து, "அம்மிணி, ஊட்டுக்குப் போ. சொன்னாக் கேளு, ஊட்டுக்குப் போ" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையை உருவிக்கொண்டு குனிந்து, ஒரு செவ்வந்தியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"எனக்கு நீங்க ஒரு பதிலும் சொல்ல வேண்டாமுங்கப்பா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "பூவ நானே வெச்சுக்கறேன்."

வைத்துக்கொண்டாள். பழக்கம் விட்டுப்போன கை, கொண்டையில் இடம் தேடி, இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் நின்றது. அவளுடைய அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? பிரசிடெண்டு கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். வருஷா வருஷம் பேசுகிற பேச்சை அன்றைக்கு அவர் பேசவில்லை. புளியமரத்துக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பேர் மெதுவாக நடந்து வந்து, ஆளுக்கு ஒரு பூ எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்கள்.

மாற்றல் உத்தரவு அந்த மாதமே வந்தது. வாழப்பாடிக்கும் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடக்க வேண்டிய ஓர் ஊர். சின்ன வாத்தியார் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இப்பிடிப் பண்ணிப்போட்டாங்களே" என்று வருத்தப்பட்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கேயும் பள்ளிக்கூடம் இருந்தது, கொடிக்கம்பமும் இருந்தது.